கால் பார்த்துக் கட்டியவன்

அந்தத் தம்பி முதன்முதலாக என் கடைக்குள் வந்தபோது மேசையையோ நாற்காலியையோ பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்தான். விழுப்புரத்தில் இத்தனை வருஷமாகப் பர்னிச்சர் கடையும் பின்னால் ஒரு பட்டறையுமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் கட்டிலைத் தட்டிப் பார்ப்பார்கள். பீரோவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்கள் மெத்தையை அமுக்கி அமுக்கிப் பார்த்துப் பள்ளமே ஆக்கிவிடுவார்கள். கல்லாவில் இருப்பவளின் காலைக் குனிந்து பார்த்த ஆள் அவன் ஒருவன்தான்.

“என்னா தம்பி, கீழ எதுனா வுழுந்துடுச்சா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. உங்க காலு தொங்கிக்கினு இருக்குது” என்றான்.

உண்மைதான். நான் குள்ளம். அந்த நாற்காலி என் வீட்டுக்காரர் தனக்காகச் செய்துகொண்டது, அவரோ நெடுநெடுவென்று இருப்பார். அவர் போன பிறகு கடையை நான் ஏற்றுக்கொண்டபோது நாற்காலியையும் சேர்த்து ஏற்றுக்கொண்டேன். உடைந்த டிராயர் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கால் வைத்துக்கொள்வது வழக்கம். அன்றைக்குக் கூட்டுகிற அம்மா அதை எங்கேயோ தள்ளிவிட்டுப் போயிருந்தாள்.

“ரெண்டு விரக்கடை அறுத்தா போதும்க்கா, சரியாயிடும்” என்றான் அவன், ஏதோ நகம் வெட்டுவதைப் போல.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் நாற்காலியை யார் அறுப்பது? “நீ எதுக்கு வந்தியோ அத்தச் சொல்லு” என்று வெடுக்கென்று கேட்டேன். பெஞ்சு செய்யவேண்டும் என்றான், வரைபடத்தை விரித்தான், பேசி முடித்துவிட்டுப் போனான். கொஞ்ச நாள் கழித்து, ஆசாரியைக் கூப்பிட்டு நானே அறுக்கச் சொன்னேன். அதிலிருந்து முதுகுவலி இல்லை. அதை மட்டும் அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

பெயரை எழுதினால் கூச்சப்படுவான், வேண்டாம். முதலில் ‘அவர்’ என்றுதான் மரியாதையாகப் பேசினேன். டீ குடிக்கிற சகவாசத்தில் ‘அவன்’ ஆகிவிட்டான். திண்டிவனத்துப் பக்கம் ஒரு கிராமம். சொந்த நிலம், கிணறு, டிராக்டர் எல்லாம் உள்ள வீடு. சென்னையில் ஆர்க்கிடெக்ட் படிப்பு படித்தவன் அங்கேயே ஏசி அறையில் உட்காராமல் திண்டிவனத்துக்கே திரும்பி வந்து, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அறை பிடித்துப் போர்டு மாட்டினான். “பிளான் போட இன்ஜினியரு இருக்காரு, கட்ட மேஸ்திரி இருக்காரு, நடுவுல நீ யாருடா?” என்று அவன் அப்பாவே கேட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

வீடு கட்டித் தரச் சொல்லி வந்தவர்களை நல்லபடியாகப் பேசி வேறு ஆளிடம் அனுப்பிவிடுவான். பஸ் நிறுத்தம், படிப்பகம், அங்கன்வாடி, இப்படிப் பொதுக் கட்டடம் என்றால் மட்டும் அவனுக்கு மூக்கில் வியர்க்கும். கட்டடத்தோடு உள்ளே போடுகிற பெஞ்சு, மேசை, அலமாரி எல்லாவற்றையும் தானே வரைவான். ஏன் இப்படி வம்பை விலைக்கு வாங்குகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“வீடுன்னா அந்த வீட்டுக்காரங்களுக்குப் புடிச்சா போதும்க்கா. பொது எடத்துல யாரு வந்து உக்காரப் போறாங்கன்னே தெரியாது. அது எவ்ளோ பெரிய விஷயம்!” என்றான். அதைச் சொல்லும்போது அவன் கண் பளபளத்ததை நான் பார்த்தேன். இப்போது வேறு மாவட்டங்களில் பெரிய பெரிய வேலைகள் செய்கிறான், எப்போதாவது போனில் பேசுகிறான். அந்தப் பளபளப்பு குரலில் அப்படியே இருக்கிறது.

வேலை ஒன்று வந்தால் உடனே வரைய மாட்டான். அந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்து மற்றவர்களின் காலைப் பார்ப்பான். தரையைத் தொடுகிறதா, தொங்குகிறதா, ஒரு காலை மடித்துப் போடுகிறார்களா, செருப்பை எங்கே விடுகிறார்கள். அரசாங்க ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்று என்று எந்தப் போர்டும் இருக்காது. ஆனாலும் சிலர் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள், சிலர் டக்டக்கென்று போட்டுக்கொண்டே போவார்கள். “யாரு கழட்டுறாங்கன்னு பாருங்கக்கா, அந்த ஆபீசு யாரோடதுன்னு தெரிஞ்சிடும்” என்பான். நானும் அப்புறம் போகிற இடமெல்லாம் அதைப் பார்க்க ஆரம்பித்து, பத்திரம் பதியப் போன இடத்தில் என் முறை தாண்டிப் போனதையே கவனிக்காமல் நின்றேன்.

இந்தப் பழக்கம் அவனை ஒருமுறை மாட்டிவிட்டது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவனை ஒரு கண்டக்டர் கவனித்துவிட்டார். “இந்த ஆளு ரொம்ப நேரமா பொம்பளைங்க காலையே பாத்துக்கினு இருக்கான்யா” என்று சத்தம் போட, நாலு பேர் கூடி அவனை அங்கிருந்த போலீஸ் அறைக்கு இழுத்துப் போய்விட்டார்கள். எனக்குப் போன் வந்தது.

“அக்கா, கொஞ்சம் ஜல்தியா பஸ் ஸ்டாண்டு வர முடியுங்களா? பேஜாராயிடுச்சி.”

விழுந்தடித்துக்கொண்டு போனேன். அவன் பையைச் சோதித்திருந்தார்கள். உள்ளே இருந்த தாள்களில் எல்லாம் காலாகவே வரைந்திருந்தான், காலைத் தவிர வேறொன்றும் இல்லை! எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. பெஞ்சு எவ்வளவு உயரம் இருக்கவேண்டும், மூட்டையோடு வருகிறவர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று அவன் விளக்க விளக்க, அங்கிருந்த போலீஸ்காரர் மெதுவாகத் தன் பூட்ஸைக் கழற்றினார்.

“அப்போ என் காலயும் பாருங்க சார். நின்னு நின்னு எப்பிடி வீங்கிக்கினு கெடக்குது பாருங்க.”

தம்பி சீரியஸாகத் தரையில் உட்கார்ந்து பார்த்தான். நின்றபடியே பாதி உட்கார்ந்துகொள்கிற மாதிரி சாய்வான ஸ்டூல் ஒன்றை வரைந்து கொடுத்தான். என் பட்டறையில்தான் செய்தோம். பிடித்துக் கொடுத்த கண்டக்டருக்குத்தான் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

திருவக்கரை போகிற வழியில் அவன் ஒரு பஸ் நிறுத்தம் கட்டினான். பௌர்ணமி என்றால் வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் அம்மும். கோயில் கூட்டத்துக்குத்தான் நிழல் கேட்டிருந்தார்கள். இவன் பௌர்ணமி இல்லாத நாட்களிலும் போய் உட்கார்ந்தான். வயல்வேலை முடித்து வருகிற பெண்கள் தலைச்சுமையோடு நின்றபடியே பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் பார்த்தான். இறக்கி வைத்தால் திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். அதனால் இறக்குவதே இல்லை. இவன் பெஞ்சுக்குப் பின்னால் தோள் உயரத்துக்கு ஒரு கல் பலகை வைத்தான். சுமையைத் தலையிலிருந்து அப்படியே அதில் நகர்த்திவிட்டு உட்காரலாம், பஸ் வந்ததும் தலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். திறந்த மறுநாளே நான் போய்ப் பார்த்தேன். பலகை மேல் மல்லாட்டை மூட்டைகள், நிலக்கடலைதான், வரிசையாக இருந்தன. பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

எல்லாமே இப்படிச் சரியாக வந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். திண்டிவனத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு படிப்பகம் கட்டியபோது, மேசைக்கு அடியில் கால் வைத்துக்கொள்ள வளைவு வளைவாக ஒரு மரக்கட்டை கொடுத்தான். பார்க்க அழகு. ஆனால் குரூப் ஃபோர் டென்ஷனில் பிள்ளைகள் கால் ஆட்ட ஆட்ட, மேசையே நடுங்கி எதிரில் இருக்கிறவன் எழுத்து கோணலானது. அங்கே பொறுப்பில் இருந்த அம்மா அவனைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார். நானாக இருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை விட்டிருப்பேன். இவன், “தப்பு என்னோடதுங்க” என்று சொல்லிவிட்டு, ரம்பத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டான். தான் செய்ததைத் தானே அறுப்பதில் அவனுக்குக் கொஞ்சமும் வருத்தமே இருக்காது என்று அன்று நினைத்தேன். அது அப்படி இல்லை என்று பிறகு தெரிந்தது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். ஊராட்சி அலுவலகம் ஒழுகி இடிகிற நிலையில் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் அந்த ஊர்க்காரர் ஒருவர் செலவை ஏற்றுக்கொள்ள, முறைப்படி அனுமதி வாங்கி, கட்டும் வேலை தம்பியிடம் வந்தது. அங்கே பல காலமாக ஊருக்குள் இருக்கிற பெரிய விவசாயி ஒருவர்தான் தலைவர். அந்தமுறை தலைவர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு என்று ஒதுக்கீடு வந்தது. காலனியிலிருந்து ஒரு பெண் ஜெயித்து வந்தார். தம்பி வயதுதான் இருக்கும். நடவுக்கும் மல்லாட்டை பிடுங்கவும் போய்க்கொண்டிருந்தவர், மகளிர் குழுவில் நன்றாகப் பேசக்கூடியவர்.

அவர் பொறுப்பேற்ற அன்றே பழைய தலைவர், கை வைத்த பெரிய தேக்கு நாற்காலியை, “இது நான் சொந்தமா வாங்கிப் போட்டது” என்று சொல்லி ஆள் வைத்து வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார். கூட்டம் நடந்தால் உறுப்பினர்கள் நல்ல பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காருவார்கள். தலைவருக்குக் கால் வளைந்த ஒன்று, அதுவும் வாசல் ஓரத்தில்.

தம்பி வழக்கம்போல அந்தக் கூட்டங்களுக்கெல்லாம் போய் மூலையில் உட்கார்ந்தான். “அந்தம்மா நுனியிலதான் உக்கார்றாங்கக்கா. எப்ப வேணா எழுந்துக்கச் சொல்லுவாங்கன்ற மாதிரி குதிகால தூக்கிக்கினே இருக்காங்க” என்று வந்து சொன்னான். மனசு கேட்காமல்தான் சொன்னான்.

அதற்கு அவன் கண்டுபிடித்த பதில் வட்டம். வட்டமான கூடம். சுவரை ஒட்டிச் சுற்றிலும் ஒரே பெஞ்சு. தலைவர், உறுப்பினர், மனு கொடுக்க வருகிற ஆள் எல்லாருக்கும் ஒரே உயரம், ஒரே மரம். தலைமாடு கால்மாடு கிடையாது. அவன் அட்டையில் செய்து காட்டிய மாதிரியைப் பார்த்து நானும் அசந்துபோனேன். சென்னையில் பெரிய பெரிய ஆட்கள் பார்த்துக் கொண்டாடினார்கள். இளம் ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு ஒரு பரிசு இருக்கிறதாம், அதற்குக் கடைசிச் சுற்று வரை அந்த வட்டம் போய்விட்டது. கட்டி முடித்ததும் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அது கிடைத்தால் அவன் அப்பா கேட்ட கேள்விக்கே பதில் கிடைத்த மாதிரி. வாயைத் திறந்து சொல்ல மாட்டான், ஆனால் அந்த ஆசை அவனுக்கு நிறையவே இருந்தது.

எந்தப் பெஞ்சையும் செய்வதற்கு முன்னால் செங்கல்லையும் பிளைவுட்டையும் வைத்து முழு அளவில் ஒரு பொய்ப் பெஞ்சு போட்டு, உட்காரப் போகிறவர்களையே கூப்பிட்டு உட்காரவைப்பது அவன் முறை. பொம்மைக் கல்யாணம் என்று எங்கள் ஆசாரி கிண்டல் செய்வார். என் பட்டறையில் பாதி வட்டம் தயாரானது. தலைவர் தன் குழுப் பெண் ஒருவரோடு ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார். உட்கார்ந்தார். தம்பி குனிந்தான். கால் இரண்டும் தரையில் அழகாகப் பதிந்திருந்தன.

“நல்லா இருக்குது சார்” என்றார் தலைவர். எழுந்து பெஞ்சு ஓரமாகவே நடந்து முனை வரை போய்த் திரும்பி வந்தார். “இதுல என் நாற்காலி எங்க வருது?”

“தனியா நாற்காலி இல்லம்மா. எல்லாருக்கும் ஒரே பெஞ்சு. யாரும் மேல, யாரும் கீழன்னு இல்ல. அதுக்குத்தான் வட்டமாவே போட்டது” என்று தம்பி ஆசையாகச் சொன்னான்.

அவர் திரும்ப உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“அவரு தலைவரா இருந்தப்போ இந்த மாதிரி வட்டம் போட யாரும் வர்லியே சார்.”

பட்டறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. ஆசாரி அதை நிறுத்தினார்.

“அத்தினி வருஷம் அவரு நாற்காலில உக்காந்துக்கினு இருந்தாரு. நாங்க வாசல்ல நின்னுக்கினு மனு குடுத்தோம். இப்போ எங்க முறை வந்திருக்குது. வந்ததும் நாற்காலிய அவரு தூக்கிக்கினு போயிட்டாரு. நீங்க படத்துலயே எடுத்துட்டீங்க.”

“ஏய், சாரு நல்லதுக்குத்தான் பண்ணியிருக்காரு” என்று கூட வந்த பெண் அவர் கையைப் பிடித்தார்.

“நல்லதுக்குத்தான், எனக்குத் தெரியாதா? எல்லாரும் சமம்னா யாருக்குக் கசக்கும்? நான் ஒருவாட்டி அதுல நல்லா உக்காந்துக்கிறேன் சார். அதுக்கு அப்புறம் சமம் பண்ணுங்க.”

தம்பி முகம் செத்துப்போனது. பாவம், பிறந்ததிலிருந்து நாற்காலி இருந்த வீட்டுப் பிள்ளை. அதைவிட்டு இறங்கி எல்லாரோடும் பெஞ்சில் உட்காருவது அவனுக்குப் பெரிய மனசு. ஏறவே விடப்படாத ஒருவரிடம் போய் இறங்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்? அவனுக்கு மட்டுமில்லை, சென்னையில் கைதட்டின அத்தனை பேருக்கும், எனக்கும்கூட இது தோன்றவே இல்லை.

அவன் வெளியே போய் எதிர் டீக்கடையில் நின்றான். வாங்கிய டீயைக் குடிக்கவில்லை. பின்னாலேயே போனேன்.

“என்னா தம்பி, கோவமா?”

“அந்தம்மா மேல என்னா கோவம்? இத்தினி நாளு காலப் பாத்தேனே தவிர, அவங்க எத்தப் பாக்குறாங்கன்னு பாக்கல. சுவத்தோரம் நாற்காலி இருந்த எடம் காலியா கெடந்துச்சி இல்ல, கூட்டம் முழுக்க அத்தயேதான் பாத்துக்கினு இருந்தாங்க. நான் குனிஞ்சிக்கினே இருந்துட்டேன்க்கா” என்றான். ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு உள்ளே போனான்.

“எப்பிடிம்மா நாற்காலி வேணும்?” என்று தலைவரிடம் கேட்டான்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். “கை வச்சது. முதுகு உசரமா.” பிறகு சிரித்துவிட்டார். “யாரும் தூக்கிக்கினு போக முடியாத மாதிரி.”

கூடத்துக்குச் சுவர் பாதி எழும்பியிருந்தது, வட்டத்தை மாற்ற முடியாது. வரைபடத்தில் வாசலுக்கு நேர் எதிரே பெஞ்சை வெட்டி ஓர் இடம் விட்டான். தரைக் கான்கிரீட் போடும்போதே கருங்கல்லில் அடிப்பாகத்தை இறக்கி, கட்டடத்தோடு கட்டடமாக அந்த நாற்காலியை எழுப்பினான். மேலே உட்காரும் பலகை, கை, முதுகு எல்லாம் தேக்கு. எங்கள் ஆசாரி கிண்டலை விட்டுவிட்டு ராப்பகலாக இழைத்தார். அதைத் தூக்கிப் போகவேண்டும் என்றால் ஆபீசையே இடித்துத்தான் தூக்கவேண்டும்.

பரிசுக் குழுவிலிருந்து ஒருவர் அவனோடு போனில் பேசியதை என் கடையில் வைத்தே கேட்டேன். வட்டம் உடைந்துவிட்டதே, கருத்தே போய்விட்டதே என்று அவர் புலம்பினார். “என் கருத்து போச்சு சார். அவங்களோடது வந்திருக்குது” என்றான் இவன். பரிசு வேறு யாருக்கோ போனது. “போனா போவுதுக்கா” என்று சும்மா சொன்னான். ஆனால் அந்த வாரம் முழுக்க என் கடைக்கு வந்த எவருடைய காலையும் அவன் பார்க்கவில்லை. எனக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவன்மேல் எனக்கு இருந்த மதிப்பு அந்த வாரத்தில்தான் பல மடங்கு ஆனது.

திறப்பு விழாவுக்கு என்னையும் கூட்டிப் போனான். அதிகாரி ஒருவர் வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. நாங்கள் பக்கவாசல் வழியாக உள்ளே நுழையும்போது துணைத்தலைவர், பழைய தலைவருக்கு வேண்டியவர், வெள்ளை டர்க்கி டவல் ஒன்றைக் கொண்டுவந்து அந்த நாற்காலியின் முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நம் ஊரில் இதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். டவல் விழுந்த நாற்காலி வரப்போகிற பெரிய மனிதருடையது. குறை சொல்லவும் முடியாது, வந்த விருந்தாளிக்கு மரியாதை செய்வது தப்பா என்பார்கள். தலைவர் வாசலில் அதிகாரிக்குச் சால்வை போட்டுக்கொண்டிருந்தார். தம்பி வேகமாக முன்னால் போகப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நீ கட்டியாச்சி. நில்லு” என்றேன்.

ரிப்பன் வெட்டி, விளக்கு ஏற்றி, எல்லாரும் உள்ளே வந்தார்கள். “சார், இப்பிடி வாங்க, இங்க உக்காருங்க” என்று துணைத்தலைவர் நாற்காலியைக் காட்டினார். அதிகாரியும் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்தார். வட்டமான கூடம், ஆகவே யார் முகமும் யாருக்கும் மறையவில்லை. காலனிப் பெண்கள் பெஞ்சு ஓரமாக நின்றபடி தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் அதிகாரியைத் தாண்டி நேராக நடந்தார். டவலை எடுத்தார். அவசரமில்லாமல் நாலாக மடித்துப் பக்கத்துப் பெஞ்சின்மேல் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகை நன்றாகச் சாய்த்து, இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்துக்கொண்டார். பிறகு கும்பிட்டபடி அதிகாரியிடம் சொன்னார்.

“வாங்க சார். பெஞ்சியில எங்க வேணாலும் உக்காருங்க. எல்லா எடமும் ஒண்ணுதான்.”

அதிகாரி ஒரு கணம் தயங்கினார். பிறகு சிரித்துக்கொண்டே போய் டவலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் துணைத்தலைவர் உட்கார்ந்தார், பெஞ்சு ஓரமாக நின்ற பெண்கள் உட்கார்ந்தார்கள். என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்து முடிக்கும்வரை தலைவர் காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தைத் தொடங்கினார்.